பித்தும் வழக்குக் கட்டும்: மனநல நீதிமன்றம் குறித்துச் சில குறிப்புகள்

1

‘மனநல நீதிமன்றம்’ என்று நான் பேச்சைத் தொடங்கியதுமே நண்பர் ஒருவர் இடைமறித்தார். ‘மருத்துவமனையும் சிறையும் கைகோத்துக்கொண்டதுதான் நவீன அதிகாரத்தின் கதை. இப்ப நீதிபதி கழுத்திலயும் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிவிடச் சொல்லுதீங்களா?’ திருநெல்வேலியில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்த சின்னக் கூட்டம் அது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சரியான பதில் அன்றைக்கு வாயில் வரவில்லை.

ஃபூக்கோவை வாசித்தவர்கள் எழுப்ப வேண்டிய கேள்விதான் அது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேருந்தில் ஊருக்குத் திரும்பும்போது மனதில் ஓடிக்கொண்டிருந்தது பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் ஒரு தாயின் முகம். அவர் மகன் மீது நடந்த வழக்கை அருகிலிருந்து பார்த்தவன் நான். நண்பரின் கேள்வியையும் அந்தத் தாயின் கேள்வியையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அதன் விளைவே இந்தக் குறிப்புகள்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். மனநோய் உள்ள ஒருவர் பெரும்பாலும் சிறு குற்றமொன்றில் கைதாகும்போது, அவரைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சிகிச்சை, தங்குமிடம், உதவித்தொகை என்று ஏற்பாடு செய்து, தொடர்ந்து விசாரித்து, வழக்கை முடித்து வைக்கும் தனி அமர்வுக்குத்தான் மனநல நீதிமன்றம் என்று பெயர். அமெரிக்காவில் தொடங்கிய ஏற்பாடு இது. இந்தியாவில் இந்தப் பெயரில் தனி நீதிமன்றம் இல்லை.

2

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய சம்பவம். பையனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. இரண்டு வருஷமாக அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் இருந்தான். காதுக்குள் குரல்கள் கேட்கும். மாத்திரை ஒழுங்காகப் போனால் தறிக்கு முன்னால் உட்கார்ந்து உம்மாவுக்குக் கோரை எடுத்துக் கொடுப்பான். மாத்திரை நின்றால் ரோட்டுக்குப் போய்விடுவான். அப்படி ஒருநாள் ரோட்டில் நின்று அரசுப் பேருந்தின் முன்கண்ணாடியில் கல்லெறிந்தான். யாருக்கும் காயமில்லை. பொதுச் சொத்துச் சேதத்துக்கென்று 1992இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. அன்று சாயந்தரமே ரிமாண்ட்.

அவன் உம்மாவை நாங்களும் உம்மா என்றுதான் கூப்பிடுவோம். பாய்த் தெருவில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் உம்மாதான். மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். பைக்குள் இரண்டு வருஷத்து ஓ.பி. சீட்டுகள் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தன. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயர்களை எழுத்துப் பிசகாமல் நெய்துவிடுவார். அந்தக் கை அடுக்கிய சீட்டுகள் அவை.

வக்கீல் சீட்டுகளைப் பார்த்தார். நல்ல மனுஷன், ஃபீஸுக்கு நெருக்கவில்லை. ஆனால் சீட்டுகளைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டார். ‘இதக் காட்டவே வேண்டாம். பைத்தியம்னு நாம சொன்னோம்னா கேஸ் அப்படியே நின்னு போகும். டாக்டர் சர்டிபிகேட், கமிட்டி, கீழ்ப்பாக்கம்னு போகும். பையன் எப்ப வெளிய வருவான்னு யாராலும் சொல்ல முடியாது. குற்றவாளின்னு போனாக்கூட ஒரு தேதி உண்டு’ என்றார். நான் மூன்று ராத்திரி அந்த வாக்கியத்தை யோசித்தேன். அவர் சொன்னது தவறில்லை. எப்படித் தவறில்லாமல் போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி.

இரண்டு ஜாமீன்தாரர் கிடைக்க ஏறக்குறைய நாலு மாதம் ஆனது. அதுவரை பதினைந்து நாளுக்கொரு தடவை காவல் நீட்டிப்பு. உள்ளே மாத்திரை சில நாள் கிடைத்தது, பல நாள் கிடைக்கவில்லை. வெளியே வந்த பிறகு வாய்தா, வாய்தா என்று நாலு வருஷம். நடுவில் நோய் முற்றி ஒரு வாய்தாவுக்குப் போகவில்லை. பிடியாணை வந்தது, மறுபடி உள்ளே. கடைசியில் சாட்சிக்கு அடையாளம் காட்ட முடியாமல் விடுதலை ஆனான். தீர்ப்பு மூன்றரைப் பக்கம். அதில் அவனுடைய நோயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாலு வருஷம் நடந்த ஒரு வழக்கில், வழக்கு ஏன் உண்டானதோ அந்தக் காரணம் வழக்குக் கட்டுக்குள் நுழையவே இல்லை.

விடுதலையான அன்று, கோர்ட் வாசல் புளியமரத்தடியில் வைத்து உம்மா என்னிடம் சொன்னார்: ‘செஞ்சியா, செய்யலியான்னு நாலு வருசமாக் கேக்காவ தம்பி. அவன் மொத நாளே செஞ்சேன்னு சொல்லிட்டான். எதுக்குடா செஞ்ச, இப்ப எங்க படுக்க, மாத்திர திங்கியா, இதுல ஒண்ணக்கூட ஒருத்தரும் கேக்கலியே.’

இதைவிடக் கூர்மையான சட்ட விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

3

இனிச் சட்டப் பிரதியை வாசிப்போம். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: ஒரு செயலைச் செய்யும் நேரத்தில், சித்த சுவாதீனமின்மையால், அச்செயலின் தன்மையையோ அது தவறு அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாத நிலையில் இருந்தவர் செய்தது குற்றமாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதுவே 22ஆம் பிரிவு. எண் மாறியது, வாக்கியம் மாறவில்லை.

இந்த வாக்கியத்தின் வேர் லண்டனில் இருக்கிறது. 1843இல் மக்நாட்டன் என்பவர் பிரதமர் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளரைச் சுட்டுக் கொன்றார். பித்து என்று சொல்லி விடுவிக்கப்பட்டார். அதனால் எழுந்த கூச்சலில், பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. அவர்கள் சொன்ன பதில்தான் பதினேழு வருஷம் கழித்து நம் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

வாக்கியத்தின் காலத்தைக் கவனியுங்கள்: ‘செய்யும் நேரத்தில்’. அதற்கு முந்திய இரண்டு வருஷம் அவன் குரல்களோடு வாழ்ந்ததும், மாத்திரை தீர்ந்து பதினைந்து நாள் ஆகியிருந்ததும், நாளைக்கு அவன் எங்கே படுப்பான் என்பதும் பிரிவுக்கு வெளியே நிற்கின்றன. கல் கையை விட்டுப் புறப்பட்ட அந்த ஒரு கணத்துக்குள் ஒரு மனிதனின் மனதை நிறுத்தி வைத்து, ‘உனக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா’ என்று பிரதி கேட்கிறது. மனம் என்றால் அறிவு மட்டுமே என்று அது முடிவு கட்டிவிட்டது. பயம், குரல்களின் கட்டளை, தூக்கமின்மை எதற்கும் அதன் இலக்கணத்தில் இடமில்லை. மருத்துவம் சொல்லும் பித்து வேறு, சட்டம் ஏற்கும் பித்து வேறு என்று உச்ச நீதிமன்றமும் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நிரூபிக்கும் சுமையும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். அன்றைக்குத் தான் பித்தாக இருந்ததைத் தானே சாட்சி கூட்டி நிரூபிக்கும் அளவுக்கு அவர் இன்றைக்குத் தெளிவாக இருந்தாக வேண்டும்!

பித்தும் நீதிமன்றமும் சந்திக்கும் ஒரு பழைய காட்சி நம்மிடம் இருக்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வந்து, ‘நீ எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது’ என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழவர் மூல ஓலையைக் காட்டுகிறார். பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து அவை கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. ஓலை அடிமை ஓலை, வென்றவரோ வேடமிட்டு வந்த கடவுள். ஆகவே நமக்கு அன்றே அருமையான நீதி இருந்தது என்று கொண்டாட நான் வரவில்லை. ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சுட்டுகிறேன். பித்தன் என்று பெயர் விழுந்ததாலேயே அந்த அவை அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் கையில் இருந்த ஓலையை வாங்கி வாசித்தது. உம்மாவின் கையிலும் ஓலை இருந்தது; வாசிக்கத்தான் அவை இல்லை.

4

வக்கீலின் பயத்துக்கு வருவோம். 84ஆம் பிரிவு ஒரு வாசல் என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இன்னொரு வாசல் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கைப் புரிந்து எதிர்வாதம் செய்ய இயலாதவர் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் விசாரணையை ஒத்திவைக்க வேண்டும். 1973ஆம் வருடச் சட்டத்தில் 328 முதல் 339 வரையிலான பிரிவுகள் இவை; புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 367 முதல் 378 வரை. புரியாதவனை விசாரித்துத் தண்டிக்கக்கூடாது என்ற நல்ல கொள்கைதான் அடியில் இருக்கிறது. ஆனால் ஒத்திவைத்த வழக்கை மறுபடி எடுக்க வேண்டுமே, யார் எடுப்பார்கள்?

அசாமில் மச்சாங் லாலுங் என்பவர் 1951இல் கைதானார். கொடுங்காயம் விளைவித்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் மருத்துவர்கள் அவர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். அப்போதும் வீட்டுக்கு அனுப்பாமல் குவஹாத்தி சிறைக்கு மாற்றினார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, 2005இல், ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே விட்டார்கள். ஐம்பத்து நான்கு வருஷம். விசாரணை நடக்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து இறந்துபோனார்.

இதை ஏதோ ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. 1982இல் வீணா சேத்தி வழக்கில், ஹஜாரிபாக் மத்திய சிறையில் பித்தர்கள் என்று அடைக்கப்பட்டவர்கள் இருபது, முப்பது வருஷங்களாகக் கிடந்ததும், தெளிந்த பிறகும் விடப்படாமல் இருந்ததும் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரியவந்தது. இலவச சட்ட உதவிக் குழு எழுதிய ஒரு கடிதத்தால் வெளிப்பட்ட விஷயம் அது. குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்ல 1993இல் ஷீலா பர்ஸே வழக்கு வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியிருந்தது என்றால், வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

லாலுங்கை ஐம்பத்து நான்கு வருஷம் யார் கண்காணித்தார்கள்? யாருமில்லை. அவரைத் திருத்தவோ, ஒழுங்குபடுத்தவோ, ஆராயவோ எந்த அதிகாரமும் மெனக்கெடவில்லை. கோப்பு ஒரு அலமாரியில், ஆள் ஒரு கொட்டடியில். நம் வட்டாரத்தில் பித்தின் மீது அதிகாரம் செயல்படும் விதம் இதுதான்: மறப்பது.

5

1997இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ப்ரோவார்ட் மாவட்டத்தில், ஜிஞ்சர் லெர்னர்-ரென் என்ற நீதிபதியின் கீழ் ஒரு மனநல நீதிமன்றம் தொடங்கியது. அந்நாட்டில் இந்த வகைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது இதுதான். இன்று அங்கே முந்நூறுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. தேவை எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1955வாக்கில் அங்கே அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேர் இருந்தார்கள். பிறகு மருத்துவமனைகளைக் காலி செய்தார்கள். ஊருக்குள் சிகிச்சை என்று 1963இல் சட்டமும் கொண்டுவந்தார்கள். வாக்களித்த அளவுக்கு ஊர் மையங்கள் வரவில்லை. தெருவுக்கு வந்தவர்களில் பலர் சில்லறைக் குற்றங்களில் சிறைக்குப் போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள்.

அந்த நீதிமன்றத்தில் நடப்பது என்ன? கைதான சில நாட்களுக்குள் ஆளை இங்கே அனுப்புகிறார்கள். விருப்பமிருந்தால்தான் சேரலாம். நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், மனநலப் பணியாளர் எல்லோரும் சேர்ந்து ஒரு திட்டம் போடுகிறார்கள்: எந்த மருத்துவமனை, எங்கே தங்குவது, உதவித்தொகைக்கு யார் எழுதிப்போடுவது. ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து அவர் மறுபடி அதே நீதிபதி முன்னால் வருகிறார். நீதிபதி கேட்கிறார்: மருந்து ஒத்துக்கொள்கிறதா? தூக்கம் வருகிறதா? அறை கிடைத்ததா? இப்படிச் சில மாதங்கள் போய், திட்டத்தை முடித்தால் பல இடங்களில் வழக்கு தள்ளுபடியாகிறது. உம்மா கேட்ட கேள்விகள்தான், வேறொன்றுமில்லை. புளியமரத்தடியில் கேட்டதை அங்கே மேடையில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

பலன் உண்டா? மறுபடி கைதாவது குறைகிறது என்று ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன, மிதமான அளவில்தான். நோயின் அறிகுறிகள் குறைகின்றனவா என்பதில் அவ்வளவு உறுதி இல்லை. நீதிமன்றம் மருந்தல்ல, அது மருந்துக்கு வழி காட்டும் இடம். வழியின் முடிவில் ஆஸ்பத்திரியும் தங்க ஒரு கூரையும் இல்லாவிட்டால் காட்டிய வழிக்கு அர்த்தமில்லை.

6

இப்போது என் நண்பரின் கேள்விக்குத் திரும்பலாம். அவர் பக்க நியாயத்தை அவரைவிடப் பலமாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒன்று: அமெரிக்காவின் பல மனநல நீதிமன்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் உள்ளே நுழைய முடியும். சிகிச்சைக்கு நுழைவுக் கட்டணம் ஒப்புதல் வாக்குமூலம். இரண்டு: ‘விருப்பமிருந்தால் சேரலாம்’ என்பது, மறுத்தால் சிறை என்ற நிழலில் கேட்கப்படும் விருப்பம். மூன்று: சில்லறைக் குற்றத்துக்கு இருபது நாளில் முடிந்திருக்க வேண்டிய தண்டனை, சிகிச்சை என்ற பெயரில் ஒரு வருஷக் கண்காணிப்பாக நீள முடியும். நீதிபதியின் அன்பான விசாரிப்பேகூட ஒழுக்கப் பயிற்சிதான். நான்கு: கைதானவனுக்கு வீடும் மருந்தும் முன்னுரிமையில் கிடைக்கிறது என்றால், கல்லெறியாத நோயாளி என்ன பாவம் செய்தான்?

நான்கையும் ஒப்புக்கொள்கிறேன். ஃபூக்கோவும் அவருடைய மாணவர்களும் 1973இல் வெளியிட்ட பியேர் ரிவியேர் ஆவணங்களை நினைத்துப் பாருங்கள். 1835இல் தாயையும் தங்கையையும் தம்பியையும் கொன்ற அந்த நாட்டுப்புற இளைஞன் தன் கதையைத் தானே எழுதிக் கொடுத்தான். பித்தன் என்று நிரூபிக்க மருத்துவர்களும், தெளிந்தவன் என்று நிரூபிக்க வழக்கறிஞர்களும் அதே எழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 1840இல் சிறையில் தூக்கிட்டுக்கொண்டான். எல்லோரும் அவனைப் பற்றிப் பேசினார்கள், அவனோடு பேசியவர் இல்லை. இந்த ஆபத்து எந்த ‘நல்ல’ நீதிமன்றத்திலும் இருக்கிறது.

ஆனால் தோழர்களே, ரிவியேருக்கு ஒரு கோப்பு இருந்தது. அவன் எழுத்தைப் பல கைகள் புரட்டின. எங்கள் பத்தமடைப் பையனுக்கு அதுகூட இல்லை. பகுத்தறிவு தன் மற்றமையை மதில் கட்டி அடைத்த கதை ஐரோப்பாவுடையது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியலில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் எரிந்து, மொத்தம் இருபத்தெட்டுப் பேர் செத்தார்களே, அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது எந்த மருத்துவச் சொல்லாடல்? பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாததும், வீட்டில் வைத்துக்கொள்ள வசதி இல்லாததும், கேட்க நாதி இல்லாததும் சேர்ந்துதான் கொண்டுபோய்ச் சேர்த்தன. கண்காணிப்பை விமர்சிக்கக் கற்றுக்கொண்ட நாம், கைவிடலை விமர்சிக்க இன்னும் சொற்களை உண்டாக்கவில்லை. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நம்முடைய குறை இது, என்னையும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் உண்டு. நம்மூரில் பெயரில்லாத மனநல நீதிமன்றம் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பையன் இதே கல்லை எறிந்தால் என்ன நடக்கும்? ‘நல்ல குடும்பம், பையனுக்கு மூளை சரியில்ல, கண்ணாடிக்குக் காசக் கட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க’ என்று போலீஸ் ஸ்டேஷனிலேயே தீர்ப்பாகிவிடும். தெருப் பெயரும் சாதியும் பணமும் தெரிந்த ஆளும் சேர்ந்து அங்கே சிகிச்சைக்கு உத்தரவு போடுகின்றன. அந்தச் சலுகை யாருக்கு இல்லையோ அவர்கள்தான் ரிமாண்டுக்கு வருகிறார்கள். ஆகவே சட்டம் போட்டு, எல்லோருக்கும் தெரிய, மேல்முறையீட்டுக்கு உட்பட்டு இதைச் செய்யச் சொல்வது அதிகாரத்தை நீட்டுவதாகாது. இருட்டில் சிலருக்கு மட்டும் நடப்பதை வெளிச்சத்துக்கு இழுப்பது.

7

புதுக் கட்டடம் எழுப்பி, நாடா வெட்டித் திறக்கும் மனநல நீதிமன்றம் எனக்கு வேண்டாம். கையில் இருக்கும் சட்டங்களை வாசித்தாலே பாதி வேலை நடக்கும். 2008இல் நிறைவேறிய திருத்தம், உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லாதவரைப் பிணையில் விட வழி செய்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சங்கிலியை முற்றாகத் தடை செய்கிறது. மறுஆய்வு வாரியங்கள் அமைக்கச் சொல்கிறது. ஒரு மாநிலத்தில் குறைந்தது ஒரு சிறையிலாவது மனநலப் பிரிவு வேண்டும் என்கிறது. மனநோய் உள்ளவர்களுக்குச் சட்ட உதவி செய்ய தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2015இல் ஒரு திட்டமே வகுத்தது. தாலுகா அளவில் சட்டப்பணிக் குழுவும் உண்டு.

நாம் கேட்க வேண்டியவை இவை. முதல் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட் கேட்கட்டும்: ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா, யார் பார்க்கிறார்கள், சீட்டு இருக்கிறதா? அந்தச் சீட்டு வழக்குக் கட்டில் சேரட்டும். சிறைக்குள் போனாலும் மாத்திரை ஒரு நாளும் நிற்கக்கூடாது. ‘தகுதியற்றவர்’ என்று ஒத்திவைத்த ஒவ்வொரு வழக்கையும் குறித்த தேதியில் நீதிமன்றமே திறந்து பார்க்கட்டும். வாய்தா என்ற சொல்லுக்கு முதல்தடவையாக ஒரு நல்ல அர்த்தம் கிடைக்கட்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வது சிகிச்சைக்கு நிபந்தனை ஆகக்கூடாது. சிகிச்சையின் பேரில் ஆளைப் பிடித்து வைக்கும் காலம், குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டு வேலிகளும் என் நண்பரின் விமர்சனத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டவை. அவருக்கு நன்றி.

முடித்துக்கொள்கிறேன். போன மாதம் ஊரில் அந்தப் பையனைப் பார்த்தேன். இப்போது பையன் இல்லை, தலையில் நரை விழுந்துவிட்டது. மாத்திரை எடுக்கிறான், கோரை எடுத்துக் கொடுக்கிறான். உம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, பெயர் நெய்ய முடிவதில்லை. பிளாஸ்டிக் பையை மட்டும் இன்னும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். ‘கேசுதான் முடிஞ்சுட்டே உம்மா, இன்னும் எதுக்கு?’ என்று கேட்டேன். ‘எனக்கப்புறம் எவனாவது கேப்பாம்லா’ என்றார்.

யார் கேட்பார்கள் என்பதுதான் கேள்வி. விவாதத்துக்கு வைக்கிறேன்.